நான்கெழுத்துப் பிழை

தமிழ்ச் சிறப்பு வகுப்பு மாணவர் பிறர் எழுத்திற் பிழை காண்பதில் ஒரு தனி மகிழ்ச்சி உடையவர் என்பதை இக்கல்லூரியார் யாவரும் அறிவர். கடைப் பலகையிலும் பேருந்தின் நெற்றியிலும் ஒற்று மிக்கும் குறைந்தும் நிற்பதைக் கண்டு நகைத்துச் செல்வது எமக்கு நாடோறும் வழக்கம். அத்தகைய யாம் சென்ற கோடை விடுமுறையில் ஒரு குடும்பத்தாருக்குச் செய்த பிழை ஒன்றினை ஈண்டு எழுதப் புகுகின்றோம். எழுத நாணம் உண்டு. ஆயினும், மாணவர் தாம் செய்த தொழிலைப் பற்றி ஏதேனும் எழுதுக என்று ஆசிரியர் ஒருவர் பணித்தபோது, எமக்கு வாய்த்த தொழிலறிவு இஃதொன்றே ஆதலின், வேறு வழி காணோம்.

எம் தாய்மாமன் பாளையங்கோட்டையில் ஒரு சிறிய அச்சகம் நடத்திவருகின்றார். அவர் தந்தையார் காலத்தில் ஈய எழுத்துகளை ஒவ்வொன்றாகப் பொறுக்கிக் கோத்தனர். அவ்வெழுத்துப் பெட்டிகள் இரண்டு இன்றும் ஒரு மூலையில் தூசி படிந்து கிடக்கின்றன. இப்பொழுது ஒரு கணினியும், ஒரு சிறு ஆப்செட் இயந்திரமும், காகிதம் வெட்டும் இயந்திரம் ஒன்றும் உள்ளன. பில் புத்தகம், நோட்டீசு, சங்கங்களின் ஆண்டறிக்கை, கல்யாணப் பத்திரிகை, நினைவு அஞ்சலி அட்டை ஆகியவையே அங்கு வரும் வேலை. பத்திரிகைக்கு வேண்டிய வண்ண அட்டைகள் சிவகாசியிலிருந்து உள்ளே வெறுமையாக வரும். வாசகம் அச்சிடுவதே எம் மாமாவின் பங்கு. விடுமுறைதோறும் அங்கு அமர்ந்து எழுத்துக் கோப்பதும், நூலோர் மெய்ப்பு என்றும் அச்சகத்தார் புரூப் என்றும் கூறும் தாளைத் திருத்துவதும் எம் பணி. தமிழ் படிக்கும் மருமகன் இருக்கையில் பிழை எங்ஙனம் வரும் என்று மாமா வருவோரிடமெல்லாம் கூறுவார். யாமும் அதனைக் கேட்டும் கேளாதார் போல் இருந்து மகிழ்வோம்.

நிற்க. மளிகை வணிகர் ஒருவர் தம் மகள் திருமணத்திற்கு 500 பத்திரிகை வேண்டி வந்தார். கல்யாணப் பத்திரிகையின் வாசகம் எவ்வளவு பழகியதாயினும் அதனுள் ஒரு நுட்பம் உண்டு. மணமக்களை இன்னார் பேரன், இன்னார் பேத்தி என்று கூறுமிடத்து, அவ்வின்னார் உயிரோடு இருப்பவரா அல்லரா என்பது ஒரு சொல்லாற் குறிக்கப்படும். மணமகனின் பாட்டனார் காலமானவர். ஆதலின் அவர் பெயர்க்கு முன் 'தெய்வத்திரு' என்று இடவேண்டும். மணமகளின் பாட்டனாரோ 84 வயதிலும் நாடோறும் கடைக்கு வந்து கல்லாவில் அமர்பவர். அவர்க்குத் 'திரு' என்பதே உரியது. யாம் முதல் வரியைப் படியெடுத்து இரண்டாம் வரியாக ஒட்டிப் பெயரை மட்டும் மாற்றினோம். மாற்றாது விட்டது 'தெய்வத்' என்னும் நான்கெழுத்து.

இது முதற் புரூபிலேயே அகப்பட்டது. வணிகர் சிவப்பு மையாற் சுழித்து, "எங்க அப்பா நல்லா இருக்காங்க, தம்பி" என்று நகைத்தார். யாமும் நகைத்துத் திருத்தினோம். இரண்டாம் புரூப் பிழையின்றி இருந்தது. அதிற் கையொப்பமிட்டுச் சென்றார். மறுநாள் மாலை அவரிடமிருந்து தொலைபேசி வந்தது. வரவேற்பு 6 மணிக்கன்று, 6.30 மணிக்கு என்றார். மாமா வெளியே சென்றிருந்தார். கணினியில் அப்பத்திரிகை இரண்டு கோப்புகளாக இருந்தது. திருத்தியது ஒன்று, திருத்தாதது ஒன்று. யாம் திறந்தது திருத்தாததனை. அதில் நேரத்தை மாற்றினோம். மாற்றிய நேரம் சரிதானா என்று இருமுறை பார்த்தோம், நேரம் சரியாகவே இருந்தது. வேறொன்றையும் பார்த்திலோம். வெள்ளிக்கிழமை முற்பகல் அச்சேறி, பிற்பகல் 500 அட்டைகளும் அவர் வீடு சென்றன.

அன்றிரவு 9.30 மணிக்கு, மிகுந்திருந்த அட்டைகள் ஆறனுள் ஒன்றை மாதிரிப் புத்தகத்தில் ஒட்டுவதற்கு எடுத்தோம். எடுத்தபோது கண்டோம்.

அவ்விரவினைப் பற்றித்தான் யாம் எழுத விரும்பியது. பிழை நேர்ந்தது கவனக் குறைவால். அதனைப் பலரும் பொறுப்பர், யாமும் எம்மை ஒருவாறு பொறுத்துக்கொண்டோம். ஆனால் கண்டபின் மறுநாட் காலை 8 மணி வரை யாம் வாய் திறவாதிருந்தோம். மாமா அடுத்த அறையில் உறங்கினார். கைப்பேசி எம் தலையணைக்கு அருகே இருந்தது. வணிகரின் எண் அதில் இருந்தது. யாம் செய்ததெல்லாம் வழக்குரைஞர் போல எமக்காக வாதாடியதே. அவர் கையொப்பம் இட்டாரன்றோ என்பது முதல் வாதம். இட்டது வேறு தாளில் என்பதை அறிந்தும் அவ்வாதத்தை நெடுநேரம் விட்டிலோம். பத்திரிகையை யார் முழுதும் வாசிக்கிறார்கள், நாளும் மண்டபமும் பார்த்து மடித்து வைப்பாரன்றோ என்பது அடுத்தது. இவ்வேளையில் எழுப்பித் துன்புறுத்துவது முறையன்று, காலையிற் கூறலாம் என்பது கடைசியாக வந்தது. பிறர்மேல் இரக்கம் போலத் தோன்றியதால் அதுவே எம்மை உறங்க வைத்தது.

காலையில் மாமா தேநீரும் செய்தித்தாளுமாக இருந்தபோது அட்டையை அவர் முன் வைத்தோம். அவர் வாசித்தார். வைவார் என்று எதிர்பார்த்தோம். அவர் கேட்டது ஒன்றே: "எப்பம் பார்த்தே, மருமகனே?"

இரவு என்றோம். அவர் நெடுநேரம் எம்மைப் பார்த்தார். பிறகு உடனே தொலைபேசியை எடுத்தார். அன்று நல்ல நாள் ஆதலின் வணிகர் விடியற்காலை 5 மணிக்கே புறப்பட்டுத் தம் சொந்த ஊருக்குச் சென்று, முதற் பத்திரிகையைக் குலதெய்வத்தின் திருவடியில் வைத்து, பின் அவ்வூரில் உறவினர் வீடு 16க்கு வெற்றிலை பாக்குடன் வைத்து முடித்திருந்தார். இரவே கூறியிருந்தால் ஓர் அட்டையும் வீட்டை விட்டு வெளியேறியிராது. எம் மௌனத்தின் அளவு அப்பதினேழு அட்டைகள்.

மாமா தொலைபேசியிற் பேசியதை அருகே நின்று கேட்டோம். ஒரு நிமிடத்திற்கு மேல் இராது. "அண்ணாச்சி, பத்திரிகையில ஒரு பெரிய தப்பு நடந்துபோச்சு. அப்பா பேருக்கு முன்னால தெய்வத்திருன்னு விழுந்திருக்கு. நீங்க திருத்திக் கொடுத்தது சரி. தப்பு எங்க மேலதான். இனி ஒண்ணும் வைக்காதீங்க. நான் இப்பம் புறப்பட்டு வாரேன்." அவ்வளவே. கணினி என்றோ, கோப்பு என்றோ, பையன் புதியவன் என்றோ ஒரு சொல்லும் கூறவில்லை. பின்னர் யாம், இரண்டு கோப்பு இருந்தமையால் அன்றோ என்று தொடங்கியபோது, அது நாம் தெரிந்துகொள்ள வேண்டிய செய்தி, அவருக்கு எதற்கு என்றார்.

வணிகர் மறுமுனையில் என்ன கூறினார் என்பதை மாமா எமக்குச் சொன்னதில்லை.

அச்சுத் தொழிலில் இத்தகைய பிழைக்கு ஒரு பெரிய சரித்திரமே உண்டு. 1631இல் லண்டனில் அரசரின் அச்சகத்தார் ராபர்ட் பார்க்கரும் மார்ட்டின் லூக்காசும் வெளியிட்ட ஆங்கில வேதாகமத்தில், பத்துக் கட்டளைகளுள் விபசாரத்தை விலக்கும் கட்டளையில் 'நாட்' என்னும் எதிர்மறைச் சொல் விழுந்துவிட்டது. விலக்கு விதியாயிற்று. (தமிழில் எதிர்மறை வினையினுள்ளேயே ஒடுங்கி நிற்றலின் ஒரு சொல் உதிர்ந்து இங்ஙனம் ஆவது அரிது; எம் மொழிக்கு வேறு ஆபத்துகள் உள என்பதை மேலே கண்டீர்கள்.) அரசர் முதலாம் சார்லசு அவர்களுக்கு 300 பவுன் தண்டம் விதிக்கச் செய்தார். முன்னரே கடனிற் கிடந்த பார்க்கர் சிறையிலேயே மாண்டார். அப்பதிப்பின் படிகளை அழிக்க ஆணை பிறந்தும், தப்பிய சில இன்று நூலகங்களிற் காட்சிப் பொருளாக உள்ளன.

இதனினும் எம் மனத்தைத் தொட்டது வேறொரு நிகழ்ச்சி. நியூயார்க்கில் சிட்டிகார்ப் என்னும் வங்கிக்காக எழுப்பிய 59 அடுக்கு மாளிகை 1977இல் முடிந்தது. அந்நிலத்தின் ஒரு மூலையில் லுத்தரன் தேவாலயம் ஒன்று நிற்க வேண்டியிருந்தமையால், மாளிகையைத் தாங்கும் தூண்கள் மூலைகளில் அன்றிப் பக்கங்களின் நடுவில் நிறுத்தப்பட்டன. கட்டமைப்புப் பொறியாளர் வில்லியம் லெமஷூரியர். ஒரு மாணவியின் ஆய்வில் எழுந்த வினாவினின்று தொடங்கி, 1978இல் அவர் தம் கணக்கை மீண்டும் பார்த்தபோது, மூலை நோக்கி வீசும் காற்றைத் தாம் போதிய அளவு எண்ணவில்லை என்றும், பற்றவைக்க வேண்டிய இணைப்புகள் திருகாணியால் இணைக்கப்பட்டன என்றும், பெரும் புயல் வரின் மாளிகைக்கு ஆபத்து என்றும் கண்டார். மௌனமாக இருக்கலாமா என்று அவரும் எண்ணினார் என்பதைப் பின்னாளில் அவரே ஒப்புக்கொண்டார். இறுதியில் தாமே வங்கியின் தலைவர்களிடம் சென்று கூறினார். அவ்வாண்டே, அலுவலர் வீடு சென்றபின் இரவுதோறும் இரும்புத் தகடுகள் பற்றவைக்கப்பட்டன.

இம்மட்டும் வாசித்து அவரைப் பெரிதும் வியந்தோம். ஆனால் மாளிகையில் வேலை செய்தவருக்கும் சுற்றிலும் வாழ்ந்தவருக்கும் உண்மை கூறப்படவில்லை. 1995இல் ஒரு பத்திரிகைக் கட்டுரை வந்தபோதுதான் உலகம் அறிந்தது. பணம் கொடுத்தவரிடம் உண்மை சொல்லி, உயிர் கொடுத்திருக்கக் கூடியவரிடம் மறைத்தது முறையா? பொறியியல் பயிலும் எம் விடுதித் தோழர் ஒருவர் அச்சத்தால் விளையும் கேட்டைக் காட்டி அதனை நியாயம் என்கிறார். எமக்கு மனம் ஒவ்வவில்லை. எம் சிறு நிகழ்ச்சியிலும் பணம் கொடுத்தவர் மகன். இறந்தவராக எழுதப்பட்டவர் தந்தை. யாருக்கு யாம் கடன்பட்டோம்?

தவறை ஒப்புக்கொண்டால் வழக்கு வரும் என்று அஞ்சி வாய் மூடுவார் பலர். மிச்சிகன் பல்கலைக்கழக மருத்துவமனையார் 2001 முதல், தம்பால் நேர்ந்த பிழையை நோயாளியிடம் தாமே கூறி இழப்பீடும் தர முன்வந்தனர். 2010இல் வெளியான ஆய்வு, அதன்பின் வழக்குகள் பெருகாது குறைந்தன என்று காட்டியது. இதனை மாமாவிடம் கூறியபோது, வழக்கு குறையும் என்பதற்காகவா உண்மை சொல்வது என்று கேட்டார். ஆயினும் செய்தி அவருக்குப் பிடித்தே இருந்தது.

இனி எம் கதை. மாமா வணிகரிடம் இரண்டு வழிகளைக் கூறித் தெரிவினை அவரிடமே விட்டார். வேறு அட்டையாயின் அன்றிரவே கொடுக்கலாம். அதே அட்டையாயின் சிவகாசியிலிருந்து வரவேண்டும், திங்கட்கிழமை ஆகும். அதே அட்டைதான் வேண்டும் என்றார் வணிகர். யாம் பேருந்தேறிச் சிவகாசி சென்று கட்டினைத் தோளிற் சுமந்து வந்தோம். ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து வந்து மாமா தாமே எழுத்துக் கோத்தார். எம்மை நாற்காலியில் அமரவிடவில்லை, அருகே நின்று வணிகர் முதலில் எழுதித் தந்த தாளை உரக்க வாசிக்கச் செய்தார். எட்டாம் வகுப்புப் பிள்ளைபோல் வாசித்தோம்.

திங்கட்கிழமை மாலை புதிய அட்டைகளுடன் மூவரும், அஃதாவது மாமாவும் யாமும் வணிகரின் மகனும், அவ்வூருக்குச் சென்று வீடுதோறும் பழையதை வாங்கிப் புதியதை வைத்தோம். சிலர் அப்பிழையைக் கண்டிருக்கவே இல்லை. ஒருவர், பெரியவருக்கு என்ன ஆயிற்று என்று பதறி முதல்நாளே தொலைபேசியில் விசாரித்திருந்தார். ஒரு வீடு பூட்டியிருந்தமையால் மறுநாளும் செல்ல நேர்ந்தது. கோயிற் பூசாரி தம்மிடம் இருந்ததை ஒன்றும் பேசாது எடுத்துக் கொடுத்தார்.

பின்பு வணிகர் வீடு. வாயிலில் மாமா எம்மைப் பார்த்து, "நீயே சொல்லு" என்றார். பெரியவர் திண்ணையில் அமர்ந்திருந்தார். "தாத்தா, உங்கள் பெயருக்கு முன்னால் அப்படி வந்தது என்னால். வெள்ளிக்கிழமை இரவே பார்த்துவிட்டேன். பயந்துகொண்டு சொல்லவில்லை" என்றோம். இறுதி வாக்கியத்தைக் கூறுவதாக யாம் முன்பு எண்ணியிருக்கவில்லை, மாமாவும் கூறச் சொல்லவில்லை. பெரியவர் புதிய பத்திரிகையை வாங்கிக் கண்ணாடி அணிந்து முதலிலிருந்து உரக்க வாசித்தார். தம் பெயர் வந்ததும் விரலை வைத்து நிறுத்தி, "ஆங், இப்பம் இருக்கேன்" என்றார். எல்லாரும் நகைத்தனர், எமக்கு நகைப்பு வரவில்லை.

ஆச்சி நகைக்கவில்லை. அவர் வெளியே வரவுமில்லை. அப்பத்திரிகை சாமி காலடியில் வைக்கப்பட்டதை எண்ணி இரண்டு நாளாக அவர் சரியாக உண்ணவில்லை என்று பின்பு அறிந்தோம். உள்ளிருந்தபடியே ஒன்று கூறினார்: "அந்தப் பழசை எல்லாம் என் கண்ணு முன்னால எரிச்சிட்டுப் போகச் சொல்லு." வணிகர் அட்டைகளை எண்ணினார். வீட்டில் இருந்தவை 483, மீட்டவை 16, பூட்டிய வீட்டில் ஒன்று. அதனையும் கொணர்ந்து மறுநாள் எரிக்கலாமா என்று மாமா கேட்டார். வேண்டா, இருப்பதை எரியுங்கள், அதனை நாளை எரியுங்கள் என்றார் ஆச்சி. அச்சகத்தில் மிகுந்த ஆறினையும் மாமா கையோடு கொண்டுவந்திருந்தார். கொல்லையில் எரித்தோம். வழவழப்பான அட்டை எளிதில் எரியாது. கிளறிக் கிளறி எரிக்க ஒரு மணி நேரம் ஆயிற்று. ஆச்சி கதவோரம் நின்று கடைசி வரை பார்த்தார். மறுநாள் ஓர் அட்டைக்காகவும் அவ்வாறே நின்றார்.

வணிகர் பேசியபடி முழுத் தொகையும் கொடுத்தார். மாமா பாதி போதும் என்று மன்றாடியும் ஒரு ரூபாய் குறைக்கவில்லை. அது பெருந்தன்மை என்று யாம் கருதினோம். கணக்கை முடித்துக்கொண்டார் என்று மாமா கருதினார். மாமா கருதியதே சரி எனத் தோன்றியது, அதன்பின் அக்கடையிலிருந்து நெடுநாள் ஒரு வேலையும் வரவில்லை. திருமணத்திற்கு மாமாவுக்கு அழைப்பு வந்தது. எமக்கு வரவில்லை.

அச்சகத்தில் இப்பொழுது வழக்கம் மாறியுள்ளது. திருத்தம் ஒன்று செய்தவுடன் பழைய கோப்பு அழிக்கப்படும். கையொப்பமான பின் ஓர் எழுத்தை மாற்றினும் முழுப் புரூபும் மீண்டும் எடுத்து, ஒருவர் மூலத்தை வாசிக்க மற்றவர் அச்சினைப் பார்ப்பார். பெயர்களை மட்டும் கடைசியிலிருந்து முதலாக இன்னொரு முறை பார்ப்போம். பழைய தமிழ் நூல்களின் இறுதியில் 'பிழை', 'திருத்தம்' என்று இரு பத்தியாக ஒரு பட்டியல் இருக்கும். அதனைக் கண்டால் முன்பு எமக்கு நகைப்பு வரும். 1887இல் சீவக சிந்தாமணியைப் பதிப்பித்த சாமிநாதையரவர்கள் பின்வந்த பதிப்பிலும் தாமே திருத்தங்கள் செய்தார். இப்பொழுது அப்பட்டியலுள்ள பக்கத்தை யாம் நின்று வாசிக்கின்றோம்.

சென்ற கிறிஸ்துமஸ் விடுமுறையில் யாம் அச்சகத்தில் இருந்தபோது வணிகர் வந்தார். கடைக்குப் பில் புத்தகம் 10 வேண்டும் என்றார். மிகச் சிறு வேலை. பெரியவர் நலமா என்று மாமா கேட்டார். இருக்கார், கல்லாவில்தான் இருக்கார் என்றார். புரூபை அவரிடம் யாம் கொடுத்தோம். முன்பு அவர் நாற்காலியில் சாய்ந்து ஒரு பார்வை பார்த்துக் கையொப்பமிடுவார். அன்று மேசை விளிம்பில் தாளை விரித்து, நின்றபடியே, ஒவ்வொரு வரியின் கீழும் விரலை வைத்து வாசித்தார். தொலைபேசி எண்ணை இலக்கம் இலக்கமாகத் தம் கைப்பேசியோடு ஒப்பிட்டார். பின்பு மறுமுறையும் முதலிலிருந்து தொடங்கினார். யாம் சிவப்பு மைப் பேனாவைத் திறந்து கையில் வைத்துக்கொண்டு அருகே நின்றோம். கால் மணி நேரம் ஆயிற்று. பிழை ஒன்றும் இல்லை. கையொப்பமிட்டு, அதன்கீழ் நாளும் மணியும் எழுதி, "இதுக்கு மேல இதுல யாரு கை வச்சாலும் எனக்கு ஒரு போன் போட்டிரணும், தம்பி" என்றார்.

போடுகிறேன் என்றோம். மாமா அச்சொற்களை வேலை உறையின் மேல் அவர் காணவே எழுதினார்.